உலையைத் தாங்குவது எது?

கல்பாக்கத்து அணுவுலையைப் பற்றி வன்னியிற் பேசுவது வீண் என்பாருளர். கல்பாக்கமும் முல்லைத்தீவும் ஒரே வங்கக்கடலின் கரைகள் என்பதை அவர்கள் மறந்தனர் போலும்! 1987இல் அங்குள்ள வேக ஈனுலைச் சோதனை உலையில், இடமாற்றும்போது எரிபொருட் கற்றையொன்று வளைந்தது. உலை மீள இயங்க ஈராண்டு சென்றது. வெறும் பொறிமுறைக் கோளாறு! அங்கெழுந்த 500 மெகாவாற்று ஈனுலையிலோ எரிபொருட் கற்றைகள் யாவும் ஒரு துளைத்தட்டின்மீது நிற்கின்றன. தட்டைத் தாங்குவது அதனடியிலுள்ள சட்டகம். சட்டகம் பொருந்திய கலனோ மேலிருந்து தொங்குகின்றது. சட்டகம் தாழ்ந்தால், மேலிருந்து பிடிக்கப்பட்ட கட்டுப்பாட்டுக் கோல்களினின்றும் எரிபொருள் விலகும்; உலையின் வலு கட்டுமீறி ஏறலாம். ஆயின் ஒளிபுகாத சோடியத்துள் மூழ்கிய அச்சட்டகத்தைக் கண்ணாற் காணவியலாது. மீயொலி போன்ற மறைமுக வழிகளே துணை. அஞ்சுவோர் இதனை வினவுவதில்லை. அச்சத்தை எள்ளுவோர் விளக்குவதுமில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரிலே பொறியியற்பீடம் உண்டு. அதன் மாணவர் இச்சட்டகத்தை ஆராய்ந்து தமிழில் எழுதட்டும். சோதனை முடிவுகளைக் கல்பாக்கத்தாரிடம் கேட்கட்டும்.