அழையா விருந்தாளியாக ஒரு கவர்

போன வருஷம் தீபாவளி சமயத்தில் ஜெர்மனியில் தனியாக வசிக்கும் ஒரு பாட்டியைக் கிலி பிடிக்க வைத்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, அன்பு மிகுதியால் செய்தது. அன்பு மிகுதியால் செய்கிற காரியங்கள்தான் ரொம்ப ஆபத்தானவை என்று இப்போது நினைக்கிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. போஸ்ட்கிராசிங் என்று ஒன்று உண்டு. 2005 ஜூலையில் போர்ச்சுகலில் ஒரு கல்லூரி மாணவர் ஆரம்பித்தது. நாம் முகவரி கேட்டால் உலகத்தில் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் ஒருவரின் முகவரியும், கூடவே ஓர் அடையாள எண்ணும் தருவார்கள். அந்த எண்ணைக் கார்டில் எழுதி அனுப்ப வேண்டும். கார்டு போய்ச் சேர்ந்ததும் அவர் அந்த எண்ணைப் பதிவு செய்வார். அதன் பிறகு நம் முகவரி வேறு யாரோ ஒருவருக்குப் போகும், அவர் நமக்கு ஒரு கார்டு போடுவார். புதிதாகச் சேர்ந்தவர் ஒரே நேரத்தில் ஐந்து கார்டுகள்தான் வழியில் வைத்திருக்க முடியும். அனுப்ப அனுப்ப அந்த எண்ணிக்கை கூடும்.

கவனியுங்கள், நான் யாருக்கு அனுப்புகிறேனோ அவர் எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவரிடம் வாங்குகிற கணக்கு. பி.காம். படிக்கிறவனுக்கு இது பிடிக்காமல் போகுமா? யாருக்கும் யாரிடமும் பாக்கி கிடையாது. இரட்டைப் பதிவு முறையைக் கண்டுபிடித்தவர்களே பொறாமைப்படுவார்கள்.

இந்த அழகான கணக்கில்தான் நான் கை வைத்தேன்.

அந்தப் பாட்டிக்கு நான் அனுப்பியது மீனாட்சியம்மன் கோயில் கோபுரம் போட்ட கார்டு. பதிவு செய்யும்போது நாலு வரி நன்றி எழுதியிருந்தார். கோபுரத்தில் எத்தனை பொம்மைகள் என்று பூதக்கண்ணாடி வைத்து எண்ணிப் பார்த்தாராம், பாதியில் கணக்கு விட்டுப் போய்விட்டதாம். எனக்குத் தலை கால் புரியவில்லை. "உங்களுக்கு இன்னும் கொஞ்சம் அனுப்பட்டுமா?" என்று கேட்டு ஒரு செய்தி போட்டேன். பதில் வரவில்லை. மௌனம் சம்மதம் என்று நாமே முடிவு செய்துகொள்வதுதானே நம் ஊர் வழக்கம்! ஒரு கவரில் இரண்டு கார்டு, கோலம் போட்ட ஒரு தாள், அம்மா கோயிலில் இருந்து கொண்டுவந்திருந்த பிரசாதம் என்று எல்லாவற்றையும் வைத்து ஒட்டி அனுப்பிவிட்டேன். பிரசாதம் என்றால் பேப்பரில் மடித்த குங்குமப் பொட்டலம் ஒன்று, விபூதிப் பொட்டலம் ஒன்று.

விபூதி. வெள்ளைப் பொடி. தபால் கவரில்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குத்தான் அப்போது புரியவில்லை. 2001இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் பொடி வைத்த கடிதங்கள் வந்து ஐந்து பேர் செத்துப்போனார்கள். அப்போது நான் பிறக்கவே இல்லை, ஆனால் பாட்டி செய்தி பார்த்துக்கொண்டிருந்திருப்பாரே! பொட்டலம் வழியில் பிரிந்து, கவரின் ஓரத்தில் வெள்ளையும் சிவப்புமாகக் கசிந்திருக்கிறது. அவர் அதைத் தொடாமல் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அவர் கையுறை போட்டுக்கொண்டு பிரித்து, உள்ளே கோபுரக் கார்டைப் பார்த்த பிறகுதான் யார் அனுப்பியது என்றே தெரிந்திருக்கிறது. ஏனென்றால் அதில் அடையாள எண் கிடையாது. வெளியே என் பெயரைத் தமிழில் வேறு ஸ்டைலாக எழுதியிருந்தேன்.

மூன்று வாரம் கழித்துச் செய்தி வந்தது. திட்டவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு வரி: நான் என் முகவரியைக் கொடுத்தது ஒரு கார்டுக்காக.

எனக்குக் கோபம்தான் வந்தது. சொந்தக் காசைப் போட்டு, மெனக்கெட்டு அனுப்பினால் இப்படியா என்று வீட்டில் புலம்பினேன். அக்கா மட்டும் சிரிக்காமல் கேட்டாள். "எனக்கு முன்னபின்ன தெரியாத ஒருத்தன் நம்ம வீட்டு அட்ரஸுக்கு ரெண்டாவது தடவை கவர் போட்டா நீ சும்மா இருப்பியாடா?"

இருக்கமாட்டேன். தெருமுனை வரைக்கும் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவேன்.

அக்கா கேட்டதற்குப் பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. இந்த விளையாட்டில் அனுப்புகிறவனுக்கு வாங்குகிறவரின் வீடு தெரியும். வாங்குகிறவருக்கு அனுப்புகிறவனின் வீடு தெரியாது, அவனாக எழுதினால்தான் உண்டு. ஒரு கார்டு வரைக்கும் இந்த ஏற்றத்தாழ்வு உறுத்தாது, ஏனென்றால் ஒரு கார்டுக்கு இரண்டு பேருமே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது தபாலில் இருந்து கதை மாறிவிடுகிறது. அவர் வீட்டுக் கதவு இன்னும் என் கையில் இருக்கிறது என்று காட்டுகிற மாதிரி ஆகிவிடுகிறது. என் மனதில் அப்படி ஒன்றும் இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

முதல் வருஷ வணிகச் சட்டப் பாடத்தில் ஒரு குதிரை வழக்கு வரும். 1862, பெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி. மாமா ஒருவர் மருமகனுக்குக் கடிதம் எழுதுகிறார்: உன்னிடம் இருந்து மேற்கொண்டு தகவல் வராவிட்டால் குதிரை எனக்குத்தான் என்று வைத்துக்கொள்வேன். மருமகன் பதில் போடவில்லை. மௌனம் சம்மதம் ஆகாது என்று தீர்ப்பாயிற்று. பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கினவன்தான் நான். பாட்டியின் மௌனத்துக்கு மட்டும் வேறு சட்டம் போட்டுக்கொண்டேன்.

சரி, மறுபக்கமும் சொல்ல வேண்டும். எனக்கும் இப்படி ஒன்று வந்தது. அமெரிக்காவில் ஓய்வு பெற்ற ஒருவருக்கு அனுப்பிய கார்டில் என் முகவரியை எழுதியிருந்தேன், எல்லோரும் எழுதுகிறார்களே என்று. இரண்டு மாதத்தில் ஒரு பெரிய பொட்டலம். ஸ்டிக்கர்கள், புத்தகக்குறிகள், பழைய தபால்தலைகள், ஒரு குட்டி நோட்டு. அதில் ஒட்டியிருந்த தபால் கட்டணமே நம் காசில் ஆயிரத்தைத் தாண்டும். முதல் பத்து நிமிஷம் சந்தோஷம். பதினோராவது நிமிஷம் வயிற்றைக் கலக்கியது. இதற்கு நான் என்ன திருப்பி அனுப்புவது? எதை வைத்து?

மொய் நோட்டு பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். யார் நமக்கு எவ்வளவு செய்தார்கள் என்பது எழுதியே இருக்கும். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அதைவிட ஒரு ரூபாயாவது கூடப் போட வேண்டும். அந்த மனிதர் எதையும் எதிர்பார்த்து அனுப்பியிருக்கமாட்டார். ஆனால் என் தலைக்குள் இருக்கும் நோட்டில் அவர் பெயர் ஏறிவிட்டது. பெரிதாக ஏதாவது அனுப்பும்போது சேர்த்து நன்றி சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, ஒரு வரி நன்றிகூடச் சொல்லாமல் இரண்டு மாதம் ஓட்டிவிட்டேன். நல்லது செய்தவருக்கு நான் காட்டிய மரியாதை அது! யாருக்கும் பாக்கி இல்லை என்பதுதானே இந்தக் கணக்கின் அழகு என்று சொன்னேன்? கேட்காத கூடுதல் தபால் அந்தப் பாக்கியைத்தான் முதல் காரியமாகக் கொண்டுவருகிறது.

கேட்டுவிட்டு அனுப்பினால் ஆச்சரியம் போய்விடும் என்று என் நண்பன் ஒருவன் வாதாடுகிறான். எனக்கு ஒப்புதல் இல்லை. தபால் வரும் என்று தெரிந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதே. ஆச்சரியம் கார்டில் இருக்கட்டும், கதவைத் தட்டுவதில் வேண்டாம். தவிர, கேட்காத தபாலுக்கு இன்றைக்கு உலகத்தில் நல்ல பெயரும் இல்லை. 2020இல் அமெரிக்காவில் நிறைய வீடுகளுக்கு, கேட்காமலே விதைப் பொட்டலங்கள் வந்தன. பல கவர்களில் சீன முத்திரை. நட வேண்டாம், தகவல் கொடுங்கள் என்று அந்த நாட்டு வேளாண் துறையே அறிவிக்க வேண்டிவந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் விதை, காய்ந்த இலை, பூ என்று எது வந்தாலும் பிடித்து வைத்துப் பார்க்கிற ஊர்கள். நம் வீட்டுத் துளசி அங்கே துளசி இல்லை, உயிரியல் அபாயம். பொருள் வைத்து அனுப்பினால் சி.என்.22 என்கிற சுங்கப் படிவம் ஒட்ட வேண்டும். எனக்கு அதுவே தெரியாமல் சாதாரணக் கடிதம் மாதிரி அனுப்பியிருக்கிறேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அதற்காக ஒரு கார்டோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நிறையப் பேர் தங்கள் அறிமுகக் குறிப்பிலேயே நேரடிப் பரிமாற்றத்துக்கு விருப்பம் உண்டு என்று சொல்லியிருப்பார்கள். கவரில் வேண்டாம், தபால்தலை ஒட்டி முத்திரை விழுந்த கார்டாக வேண்டும் என்று எழுதுகிறவர்களும் உண்டு. நான் பாட்டியின் குறிப்பில் பிடித்த படங்கள் என்ன என்பதை மட்டும் படித்துவிட்டு மிச்சத்தைத் தாண்டிப் போனவன். கேட்டு, சரி என்று பதில் வந்தால் தாராளமாக அனுப்பலாம். அப்போதும் தட்டையாக, கார்டு அளவில், நம் பயனர் பெயரோடு, "இதற்கு எண் கிடையாது, பதிவு செய்ய வேண்டாம், பதிலும் வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்து. எண் இல்லாத கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, அழிந்துபோயிற்றோ என்று தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

முகவரி எழுதலாமா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் குழப்பம்தான். எழுதினால் திருப்பி அனுப்பு என்று கை நீட்டுகிற மாதிரி இருக்கிறது. எழுதாவிட்டால் முகம் தெரியாதவன் ஆகிவிடுகிறேன். இப்போதைக்கு எழுதுவதில்லை, அவர்களாகக் கேட்டால் கொடுக்கிறேன்.

பாட்டிக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி போட்டேன். கார்டாகப் போடத்தான் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. கோலத் தாளைத் துடைத்து எடுத்துவைத்திருக்கிறாராம். அந்தச் சிவப்புப் பொடி எதற்கு என்று கேட்டிருந்தார். விளக்கமாக எழுதினேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அமெரிக்கக்காரருக்கும் நன்றி சொல்லியாகிவிட்டது, ஒரே ஒரு கார்டில், அவரிடம் கேட்டுவிட்டு.

பி.கு.: விபூதி ஜெர்மனிக்குப் போன விஷயம் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. பொட்டலத்தை எலி தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வகுப்புத் தோழர்கள் யாரும் வீட்டுக்கு வரும்போது போட்டுக்கொடுத்துவிடாதீர்கள் :-)