கோஷ்டி என்றால் யார்?

பங்குனி பிறந்தால் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் ஊர்கள் பலவற்றில் பொங்கல் சாட்டுவார்கள். குடிக்கும் தண்ணீரை விலைக்கு வாங்குகிற ஊரிலும் வீட்டுக்கு வீடு வரி போட்டு, "கரகாட்டக் கோஷ்டி", "நையாண்டி மேளம் செட்டு" என்று நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள். இந்தக் "கோஷ்டி" என்ன சொல் என்று தோழர்கள் யோசித்ததுண்டா?

வடமொழியில் "கோ" என்றால் மாடு; "கோஷ்டம்" என்றால் மாடு அடைகிற தொழுவம். அதிலிருந்தே மனிதர் கூடுகிற கூட்டத்திற்கும் "கோஷ்டி" என்று பெயராயிற்று. "செட்டு" இங்கிலீஷ், பாத்திரக் கடையிலும் அதையே சொல்லுகிறோம். வட ஜில்லாக்களில் தெருக்கூத்துக்காரர் சொல்லும் "ஜமா" அரபு வழி வந்தது. அப்படியானால் நமக்குச் சொந்தச் சொல்லே இல்லையா? கூத்தர், பாணர், பொருநர், விறலியர் என்று தொல்காப்பியமே சொல்லுகிறது. பத்துப்பாட்டில் பொருநருக்கு ஒன்று, பாணருக்கு இரண்டு, கூத்தருக்கு ஒன்று என நான்கு பாட்டு உண்டு. அந்தக் கூத்தரைத்தான் இன்று "கூத்தாடி" என்று வசவாக்கி வைத்திருக்கிறோம்.

சொல்லை இரவல் வாங்கினது பெரிய நஷ்டமல்ல. அந்தச் சொல் யாருக்கு என்ன மரியாதை தருகிறது என்பதே கேள்வி.

பெருமாள் கோயிலில் திவ்வியப் பிரபந்தம் ஓதுகிற கூட்டத்திற்கும் கோஷ்டி என்றே பெயர். அந்தக் கோஷ்டிக்குத் தீர்த்தமும் மரியாதையும் உண்டு. காஞ்சிபுரத்தில் அந்த உரிமை யாருக்கு என்று வடகலையாரும் தென்கலையாரும் நூறு வருஷத்துக்கு மேலாகக் கோர்ட்டுப் படி ஏறியிருக்கிறார்கள். பல கோயில்களில் பார்ப்பனரல்லாதார் அதில் சேருவது வழக்கமில்லை. ஆனால் அவர்கள் ஓதுவதில் திருப்பாணாழ்வாரின் பத்துப் பாட்டும் உண்டு. அவர் யார்? பாணர்! தாழ்ந்த குலமென்று ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் போகாமல் காவிரிக் கரையில் நின்று பாடினார் என்று அவர்கள் கதையே சொல்லுகிறது. பாணன் பாட்டுக்குக் கோஷ்டியில் இடம், பாணனுக்கு இல்லை!

வைதிகரைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பிக்கலாகாது. நம் ஊர்க் கோஷ்டிக்கு நாம் செய்யும் மரியாதை என்ன? விடிய விடிய ஆடின பெண்ணுக்கு "வாடி, போடி". தவில்காரருக்கு மரத்தடியில் சோறு. காலையில் பேசின கூலியில் பாக்கி. இதுவா மரியாதை?

"குழு" என்ற நம் சொல்லையே நோட்டீசில் எழுதுவோம். ஆனால் எழுதினால் மட்டும் போதாது. பேசின கூலியை ஆட்டம் முடிந்ததும் எண்ணிக் கொடுங்கள். "வாங்கம்மா" என்று சொல்லிப் பந்தியில் உட்கார வையுங்கள். அவர்களும் நம்மைப் போல உடம்பால் உழைத்துப் பிழைக்கிறவர்களே. அவர்கள் மானம் போகிற இடத்தில் நமக்கு மட்டும் சுயமரியாதை எங்கிருந்து வரும்?