சுற்றி வருபவன் கைவிட்டவன் அல்லன்

மட்டாஞ்சேரிக் கரையில் நின்றால் எதிரே வில்லிங்டன் தீவு. அங்கே 1953 மே 11-இல் தொடங்கப்பெற்ற ஐ.என்.எஸ். கருடா கடற்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் எழும் ஓசை நமக்குப் பழகிய ஓசை. ஓசை பழகிற்று, உண்மை பழகிற்றா?

மேலே சுழலும் பெரிய விசிறியைப் பார்க்கிறோம். வாலில் சுழலும் சிறு விசிறியை யார் கவனிக்கிறோம்? பெரிய விசிறி ஒரு பக்கம் சுழன்றால் உடல் மறுபக்கம் சுழல முற்படும். நியூட்டன் சொன்ன விதி அது. அதைத் தடுத்து நிறுத்துவது வால் விசிறியே. விமானி கால் மிதிகளால் அதை ஆள்கிறார்.

விரைந்து பறக்கையில் வாலிலுள்ள நிமிர்ந்த தகடும் துணை நிற்கும். அந்தரத்தில் நிற்கையில் அத்துணை இல்லை. வால் விசிறிக்கு வேலையோ மிகுதி. அவ்வேளை காற்று தகாத திசையிலிருந்து வீசினால், பெரிய விசிறி எழுப்பிய சுழல் வால் விசிறிக்குள் புகும். அல்லது அது தள்ளிய காற்றே திரும்பிவந்து அதனைச் சூழும். விசிறி சுழலும், பயன் குறையும், ஹெலிகாப்டர் பம்பரமாகும்!

இதில் எதுவும் உடைவதில்லை. 2018 அக்டோபர் 27-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஐவர் மாண்டது வேறு வகை: வால் விசிறிக் கட்டுப்பாட்டில் ஒரு பேரிங் இறுகிற்று; மிதி பயனற்றுப் போயிற்று. அது பொறியின் பழுது. இது காற்றின் வினை. எதிர் மிதியை முழுதும் அழுத்தி, முன்னோக்கி வேகம் பெற்றால் மீளலாம். அதற்கு இடம் வேண்டும். கூரைகளுக்கு மேலே, தென்னைகளுக்கு நடுவே இடம் ஏது?

2018 ஆகஸ்ட் 17-இல், ஆலுவா அருகே வெள்ளத்தில் சிக்கிய நிறைமாதக் கர்ப்பிணியைக் கடற்படை ஹெலிகாப்டர் கயிற்றில் தூக்கிக் காத்தது. அன்றே ஆண் மகவு பிறந்தது. அந்தரத்தில் நின்ற அந்தச் சில நிமிடங்களின் விலையை உணர்ந்தோமா?

தோழர்களே! மீட்க வந்தவர் தலைக்கு மேல் நில்லாது விலகி, சுற்றி, காற்றை எதிர்கொண்டு மீண்டும் வரும்போது, “கைவிட்டாரே!” எனக் கதறத் தோன்றும். அது கைவிடுதல் அன்று, கரைசேர்க்கும் வழி. மூன்றாம் விதியைத் துப்பாக்கியையும் குண்டையும் சொல்லிப் படிப்பிக்கும் பள்ளிகள், வால் விசிறியைக் காட்டிப் படிப்பித்தால் என்ன? வெள்ளம் இனி வராதென்று யார் உறுதி தருவார்? விஞ்ஞானம் ஏட்டில் இருந்து பயனில்லை. கூரைமேல் நிற்பவன் நெஞ்சிலும் இருக்க வேண்டும்.