நாலு நாளில் ஒரு வருஷம்

அறுபதாம் கல்யாணத்துக்கு எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும்? "இதென்ன கேள்வி, அறுபது வருஷந்தான்!" என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் நான் சொல்லப் போகும் இடத்தில் பிறக்கும் குழந்தைக்கு நம் கணக்கில் ஒன்பது மாதம் நிறைவதற்குள் சஷ்டியப்தபூர்த்தி வந்துவிடும்! அங்கே ஒரு வருஷம் என்பது நாலேகால் நாளுக்கும் சற்றுக் குறைவு. புரோகிதர்களுக்கு நல்ல யோகம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே குழந்தையும் கிடையாது, புரோகிதரும் கிடையாது, நிற்பதற்குத் தரையே கிடையாது. சுமார் 1000 டிகிரி உஷ்ணத்தில் தகிக்கும் பிரம்மாண்டமான வாயு உருண்டை அது.

நம்மிடமிருந்து சுமார் 50 ஒளி ஆண்டு தூரத்தில், 51 பெகாஸி என்ற நட்சத்திரத்தை அந்தக் கிரகம் சுற்றி வருகிறது. எடையில் நம் வியாழனில் ஏறக்குறையப் பாதி. அதாவது நம் பூமியைப் போல் 150 மடங்கு. நம் புதன் சூரியனிலிருந்து இருக்கும் தூரத்தில் ஏழில் ஒரு பங்கு தூரத்தில்தான் அது தன் சூரியனை ஒட்டிக்கொண்டு ஓடுகிறது.

இதை யார் பார்த்தார்கள் என்று கேட்கிறீர்களா? அதுதான் வேடிக்கை. கண்டுபிடித்தவர்கள் அதைப் பார்க்கவே இல்லை!

தடியான மாமா ஒருவர் சின்னஞ்சிறு மருமகளின் கைகளைப் பிடித்துக்கொண்டு தட்டாமாலை சுற்றுவதை எண்ணிப் பாருங்கள். குழந்தை பெரிய வட்டமாக ஓடும். மாமா நின்ற இடத்திலேயே இருப்பது போலத் தோன்றும். ஆனால் அவரும் கொஞ்சம் ஆடத்தான் செய்வார். இருட்டில் குழந்தை தெரியாவிட்டாலும், மாமாவின் ஆட்டத்தைக் கொண்டு அவர் கையைப் பிடித்து யாரோ சுற்றுகிறார்கள் என்று ஊகித்துவிடலாம் அல்லவா? நட்சத்திரம் நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி இம்மி நீலப் பக்கம் நகரும். விலகும்போது சிவப்புப் பக்கம். இந்த நகர்வை அளந்தால் ஆட்டத்தின் வேகம் தெரியும். வியாழன் நம் சூரியனை ஆட்டுவது விநாடிக்குச் சுமார் 12 மீட்டர் வேகத்தில்தான். அதுவும் ஓர் ஆட்டம் முடிய 12 வருஷம். ஆகையால் இந்த வேலைக்கு வருஷக் கணக்கில் பொறுமை வேண்டும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

கானடாவில் காம்ப்பெல், வாக்கர் என்ற இருவரும் அவர்கள் கோஷ்டியும் 21 நட்சத்திரங்களைப் பன்னிரண்டு வருஷம் அளந்தார்கள். 1988-ல் ஒரு நட்சத்திரத்தில் கிரகத்தின் சாயல் தட்டுப்பட்டது. பிறகு அவர்களுக்கே சந்தேகம் வந்து, 1992-ல் 'அது நட்சத்திரத்தின் சொந்தச் சேஷ்டையாக இருக்கலாம்' என்று பின்வாங்கிவிட்டார்கள். 1995 ஆகஸ்டில் 'கிரகம் எதுவும் அகப்படவில்லை' என்ற அவர்களுடைய கட்டுரை வெளியாயிற்று. இரண்டே மாதத்தில் வேறு இருவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது!

ஜினீவாவைச் சேர்ந்த பேராசிரியர் மிஷெல் மேயரும், அவருடைய மாணவர் டிடியே க்வெலோவும் தென் பிரான்ஸில் ஓட் ப்ரோவான்ஸ் வானாராய்ச்சி நிலையத்தில் 76 அங்குலத் தொலைநோக்கி கொண்டு 142 நட்சத்திரங்களை அளந்துகொண்டிருந்தார்கள். மேயர் ஹவாய்க்குப் போயிருந்த சமயம். இங்கே 28 வயது க்வெலோவுக்குத் தூக்கம் போயிற்று. 51 பெகாஸியை எப்போது அளந்தாலும் வேறு வேறு வேகம்! கருவியில்தான் கோளாறு என்று கலங்கினார். அது அவருடைய டாக்டர் பட்டத்துக்கான கருவி. கருவி பொய் என்றால் பட்டம் என்ன ஆவது? திரும்பத் திரும்பச் சோதித்தார். கோளாறு இல்லை. நட்சத்திரம் விநாடிக்கு 59 மீட்டர் வேகத்தில், நாலேகால் நாளுக்கு ஒரு தரம் ஆடுகிறது. குருநாதருக்குச் செய்தி பறந்தது.

குருநாதர் அவசரப்படவில்லை. அதற்குள் நட்சத்திரம் சூரியனுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. 1995 ஜூலையில் அது மீண்டும் தெரியும்போது இன்ன இரவில் இன்ன வேகம் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஜூலை வந்தது; கணக்குப் பலித்தது! அக்டோபர் 6-ஆம் தேதி இத்தாலியில் பிளாரன்ஸ் நகர மகாநாட்டில் அறிவித்தார்கள். சில நாளிலேயே அமெரிக்காவில் மார்ஸி, பட்லர் என்பவர்கள் அளந்து பார்த்து 'உண்மைதான்' என்றார்கள். பாவம், அவர்கள் 1987 முதல் சேகரித்த அளவுகள் பெரும்பாலும் கணக்குப் பார்க்கப்படாமலே கிடந்தன. தூசி தட்டிப் பார்த்ததில் 1996 ஜனவரிக்குள் இரண்டு கிரகங்கள் கிடைத்தன.

இத்தனைக்கும், ராட்சதக் கிரகம் நட்சத்திரத்தை ஒட்டியே சுற்றலாம், ஒளியை அளந்தால் பிடித்துவிடலாம் என்று ஆட்டோ ஸ்ட்ரூவே என்ற வான சாஸ்திரி 1952-லேயே எழுதியிருந்தார். யார் கேட்டார்கள்? கிரகம் நட்சத்திரத்துக்கு முன்னால் வந்தால் ஒளி மங்கும் என்றும் அவர் சொன்னார். 1999-ல் அதுவும் மெய்யாயிற்று. வேறொரு நட்சத்திரத்தின் ஒளி, நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவாக மங்குவதை நாலே அங்குலத் தொலைநோக்கி பிடித்துவிட்டது! மங்கலின் அளவிலிருந்து கிரகத்தின் பருமன் தெரிந்தது. வியாழனைவிடப் பெரிசு, ஆனால் தண்ணீரைவிட லேசு. 2001-ல் ஹப்பிள் தொலைநோக்கி கொண்டு அதன் காற்று மண்டலத்தில் சோடியம் இருப்பதையும் கண்டார்கள்.

2019-ல் மேயருக்கும் க்வெலோவுக்கும் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. கானடாக்காரர்கள் பின்வாங்கினார்களே, அந்தக் கிரகம்? அது நிஜந்தான் என்று 2003-ல் உறுதியாயிற்று! பரிசுப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை.

51 பெகாஸியை நீங்களும் பார்க்கலாம். ஐப்பசி பிறக்கும் சமயம், இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். நாலு நட்சத்திரங்கள் பெரிய சதுரமாகத் தெரியும். கிழக்கே இரண்டும் நம் பஞ்சாங்கத்து உத்திரட்டாதி. மேற்கே இரண்டும் பூரட்டாதி. பூரட்டாதி இரண்டுக்கும் நடுவே, சற்று மேற்கே தள்ளி, மங்கலாக ஒரு புள்ளி. தெரு விளக்கு வெளிச்சம் இல்லாத ஊராக இருந்தால்தான் அகப்படும். ஐப்பசி மழை மேகமும் வழிவிட வேண்டும். அதற்கு நான் பொறுப்பல்ல!