வகுப்பறையும் காமிராவும்

இவ்வாண்டு எம் கலாசாலைத் தமிழ் மன்றத்தில் நிகழ்ந்த சொற்போர் ஒன்றில், 'வகுப்பறைகளிற் காமிரா வைத்தல் தகும்' என்பாரை மறுத்துப் பேசும் பொறுப்பு எமக்கு வாய்த்தது. ஆசிரியர் மாண்பு, மாணாக்கர் உரிமை, அரசியற் சட்டம் என்றெல்லாம் அடுக்கி, அவையோர் உள்ளங் கொள்ளப் பேசிவிட்டோம் என்றே எண்ணியிருந்தோம். எதிரணியில் இருந்த நண்பர் எழுந்து ஒரே ஒரு வினாவை விடுத்தார்: "மூடிய கதவுக்குள் அடிபட்ட சிறுவன் ஒருவன் இங்கு வந்து நின்றால், அவனிடமும் இவ்வாறே பேசுவீரோ?" யாம் விடை கூறவில்லை, கூற இயலவில்லை என்பதே உண்மை. அவ்வினா, யாம் அறிந்த ஒரு முகத்தை எம் கண்முன் நிறுத்திற்று. அன்று சொல்லாது விட்ட விடையைக் காலந் தாழ்த்தேனும் இம்மலர் வாயிலாகச் சொல்ல முயல்கின்றோம்.

முதற்கண் பொருளின் நிலையைத் தெளிந்துகொள்வோம். 2017-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், தில்லியை அடுத்த குருகிராமில் ஒரு பள்ளியினுள்ளேயே ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கொலையுண்டான். நாடெங்கும் பெற்றோர் நெஞ்சு பதைத்தனர். 2018 சனவரியில், தன் பள்ளிகளின் வகுப்பறைகள் அனைத்திலும் காமிராக்கள் பொருத்தப்படும் என்று அப்போதைய தில்லி அரசு அறிவித்தது. 2019 சூலைத் திங்களில் இலாசுபத் நகரிலுள்ள அரசுப் பள்ளியொன்றில் அத்திட்டம் தொடங்கப் பெற்றது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளில் ஏறத்தாழ 1,46,000 காமிராக்கள் என்பது அதன் அளவு. தம் பிள்ளை அமர்ந்திருக்கும் வகுப்பைப் பெற்றோர் தம் கைபேசியில் அவ்வப்போதே காணலாம் என்பதும் அதில் ஒரு கூறு. அதனைத் தடுக்க வேண்டுமென உச்ச நீதிமன்றத்தை நாடியோர்க்கு, அதே திங்களில் இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. பின்னர், 2025 சூலையில், மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன்னோடு இணைந்த பள்ளிகட்கு ஒரு விதி வகுத்தது: வாயில், நடைவழி, படிக்கட்டு, ஆய்வுக்கூடம், நூலகம், விளையாட்டுவெளி இவற்றோடு வகுப்பறைகள் யாவற்றிலும் காட்சியையும் ஒலியையும் பதியும் காமிராக்கள் இருத்தல் வேண்டும், கழிப்பறைகட்கு மட்டும் விலக்கு, பதிவுகளைப் பதினைந்து நாளேனும் காத்தல் வேண்டும் என்பது அது. எனவே இது தலைநகரோடு நின்ற செய்தி யன்று. அவ்வாரியத்தின் பள்ளிகள் உள்ள ஊர்கட்கெல்லாம், எம் தமிழகத்து ஊர்கட்கும், வந்துவிட்ட செய்தி.

காமிராவை வேண்டுவோர் கூற்றை இழித்துரைத்தல் அறமாகாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடித்தலையும் மனத்தை நோகச் செய்தலையும் விலக்கியுள்ளது. எனினும் பிரம்பு அடியோடு மறைந்துவிடவில்லை என்பதை மாணாக்கராய் இருந்தோர் அனைவரும் அறிவர். வகுப்புக்கு வாராத ஆசிரியரும் உளர். வந்தும் பாடஞ் சொல்லாதாரும் உளர். பொய்ப் பழி சுமத்தப்பட்ட ஆசிரியர்க்கும் பதிவு ஒரு சான்றாய் நின்று உதவலாம். நாள் முழுதும் உழைக்குந் தாயொருத்தி, தன் மகன் நலமாய் இருக்கின்றானா என ஒருகணம் பார்க்க விழைதல் குற்றமாகுமோ? ஆகாது. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்டே எம் கருத்தைக் கூறப் புகுகின்றோம்.

யாம் ஏழாம் வகுப்பிற் பயின்றபோது, எம் பக்கத்தில் அமர்ந்திருந்த தோழன் ஒருவன், வீட்டுக்கணக்கை எழுதி வாராமைக்காக ஆசிரியர் ஒருவரால் அடிக்கப்பட்டான். அடி ஒன்றிரண்டன்று. மறுநாள் அவன் வலக்கை வீங்கிப் பேனா பிடிக்க மாட்டாதிருந்தது. அவன் தந்தை வந்து முறையிட்டார். தலைமையாசிரியர் வகுப்புக்கு வந்து, "நேற்று நடந்ததைக் கண்டவர் யார்?" என்று வினவினார். நாற்பது பேர் இருந்தோம். நாற்பதின்மரும் கண்டிருந்தோம். ஒருவரும் எழவில்லை. யாமும் எழவில்லை. அவன் படியில் விழுந்திருக்கலாம் என்று ஏதோ எழுதி அச்செய்தி முடிக்கப்பட்டது. சொற்போர் மேடையில் எம் நாவைக் கட்டியது அந்த நாளே.

அங்கே ஒரு காமிரா இருந்திருப்பின் அது உண்மையை உரைத்திருக்கும் அன்றோ எனின், உரைத்திருக்கலாம். ஆயினும், அன்று அவ்வறையில் எண்பது கண்கள் இருந்தன. கண்ணுக்குக் குறைவில்லை, நாவுக்கே குறைவு. எழுந்து சொல்பவனைக் காப்பார் இலர் என்ற அச்சமே எம் வாயை அடைத்தது. எண்பத்தோராவது கண்ணாக ஒரு காமிராவைச் சுவரில் அறைந்துவிட்டால் அவ்வச்சம் நீங்குமோ? அப்பதிவு யார் கையில் இருக்கும்? எவர் அதனைப் பிழையென ஒப்புக்கொள்ள விரும்பாரோ அவர் கையிலேயே அன்றோ இருக்கும்? முறையீட்டைக் கேளாத நிர்வாகம், பதிவைப் பார்க்கும் என்பதற்கு உறுதி யாது? பதினைந்து நாள் கழிந்தபின் அது அழிக்கப்படுதலுங் கூடும். மனிதர் செய்ய வேண்டிய அறத்தைப் பொறியின் தலையிற் சுமத்தி நாம் உறங்கிவிடுவோம் என்பதே எம் முதல் அச்சம்.

இரண்டாவது, வகுப்பறையின் இயல்பு பற்றியது. கற்றல் என்பது பிழை செய்யும் உரிமையோடு தொடங்குவது. எம் பள்ளியில் எமக்குத் தமிழ்ச் சுவை ஊட்டிய ஆசிரியர், திக்கிப் பேசும் மாணாக்கன் ஒருவனை நாள்தோறும் ஒரு செய்யுளைப் படிக்கச் செய்வார். அவன் திக்கும்போது தாமும் வேண்டுமென்றே ஓரடியை மறந்தவர்போல் நின்று, "அடுத்த சொல் யாதப்பா?" என்று அவனையே கேட்பார். நாங்கள் நகைப்போம், அவனும் நகைப்பான், நகைத்துக்கொண்டே சொல்லி முடிப்பான். ஈராண்டிற் பள்ளி ஆண்டுவிழாவில் மேடையேறி முழுப்பாட்டையும் ஒப்பித்தான். அவன் திக்கிய நாட்களெல்லாம் ஒலியோடு பதிவாகி, யாரோ ஒருவர் கைபேசியிலிருந்து ஊரெங்கும் பரவியிருப்பின் அவன் வாய் திறந்திருப்பானோ? ஒரு தாய் தன் மகனைக் காணத் திறக்கும் சாளரத்தில் ஏனைய முப்பத்தொன்பது பேரின் பிள்ளைகளும் அன்றோ தெரிகின்றனர்? அவர்கள் இசைவு யார் கேட்டது?

சென்ற விடுமுறையில் அவ்வாசிரியரைக் காணச் சென்றிருந்தோம். இப்போது அவர் வகுப்பிலும் காமிரா உண்டு. மாணாக்கன் ஒருவன் பாடத்துக்குப் புறம்பாக, ஆயினும் பொருளுள்ளதாக, ஒரு வினாவை விடுத்தான். முன்னாளில் அவ்வினாவின் பின்னே அரைமணி நேரம் சென்று, எம்மையும் அழைத்துச் செல்வார். அன்றோ, அவர் பார்வை ஒருகணம் சுவரின் மூலையை நோக்கி மீண்டது. "அது தேர்வுக்கு வாராது, பாடத்தைப் பார்ப்போம்" என்றார். அவர் சோம்பரல்லர், கோழையுமல்லர். தம் சொல்லைக் கேட்பவர் யாரென்று அறியாத ஒருவர், எவர்க்கும் குற்றமாகாத சொல்லையே தேர்வர். நன்னூலார் ஆசிரியர்க்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்பவற்றை உவமையாக்கினார். நிலம்போற் பொறுத்தலும் மலர்போல் விரிதலும் அஞ்சி நிற்பவர்க்கு எளிதிற் கைகூடுமோ?

மாணாக்கரைக் கண்காணிக்கும் முறை புதியதன்று. அதன் வரலாற்றில் எம் நாட்டுக்கும் பங்குண்டு. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்க்குத் துணையாகச் சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணாக்கன் இருந்து, இளையோர்க்குப் பாடஞ் சொல்லி, அவர்களை மேற்பார்த்தும் வந்தான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்றலைக் கண்டு அதனைத் தம் இல்லத்தில் மேற்கொண்டார். மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பிக்கவும் செய்தார். 1797-இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலால் அது 'சென்னை முறை' எனப் பெயர் பெற்றுப் பல நாடுகளிற் பரவிற்று. ஒருவன் நடுவே இருந்து அனைவரையும் காணவும், காணப்படுவோர் அவனைக் காணாதிருக்கவும் கூடிய சிறைக்கட்டடத்தை 1791-இல் நூலாய் வெளியிட்ட செரமி பெந்தாம் என்பார், பின்னர் 1816-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அச் சென்னை முறையையும் தம் கட்டட அமைப்பையும் இணைத்து ஒரு பள்ளிக்குத் திட்டம் வகுத்தார். இன்றைய காமிரா, அக்கட்டடம் சுருங்கி ஒரு சிமிழுக்குள் அடங்கியதே யன்றிப் பிறிதன்று.

பழமையைப் போற்றுதற்கு இதனைக் கூறினோமல்லோம். திண்ணைப் பள்ளியிற் கோதண்டம் போடுதல் போன்ற கொடுமைகள் இருந்தன. சட்டாம்பிள்ளைகளிற் கையூட்டு வாங்கியோரும் உண்டு. ஆயினும் சட்டாம்பிள்ளைக்கு ஒரு முகம் இருந்தது. அவன் பார்த்ததை நாமும் அறிவோம். அவன் பொய் சொன்னால் மறுக்கலாம். காமிராவுக்கு முகமில்லை, பார்ப்பவர் இன்னார் என்பதும், பார்க்கின்றாரா இல்லையா என்பதும் தெரியா.

இது செல்லும் திசையையும் எண்ணல் வேண்டும். சீன நாட்டு ஆங்சோ நகரின் மேனிலைப் பள்ளியொன்றில், முப்பது நொடிக்கொருமுறை மாணாக்கர் முகக்குறிப்பை அளந்து, மகிழ்ச்சியா, வருத்தமா, சினமா என வகுக்கும் காமிராக்கள் வைக்கப்பட்டமை 2018-இல் உலகச் செய்தியாயிற்று. சுவீடனில் செல்லெஃப்டேயோ என்னும் ஊரில் 22 மாணாக்கரின் வருகையை முகமறி காமிராவாற் பதிந்த நகராட்சிக்கு, 2019-இல் அந்நாட்டுத் தரவுக் காப்பு ஆணையம் இரண்டு இலட்சம் குரோனர் தண்டம் விதித்தது. மாணாக்கர் இசைவு தந்திருந்தனரே என்ற வாதம் ஏற்கப்படவில்லை. பள்ளியின் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டோர் தரும் இசைவு உரிமையுடன் தரும் இசைவாகாது என்பது அவ்வாணையத்தின் முடிபு. எம் நாட்டிலும், அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாய் 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் தீர்ப்பளித்தனர். 2023-ஆம் ஆண்டின் தனியார் தரவுக் காப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதார் நடத்தையைத் தொடர்ந்து கண்காணித்தலைப் பொதுவில் விலக்கிற்று. ஆனால் 2025 நவம்பரில் வெளிவந்த விதிகள், கல்விப் பணிக்கும் பிள்ளைகள் பாதுகாப்புக்கும் எனக் கல்வி நிலையங்கட்கு விலக்கு அளித்துள்ளன. சட்டம் கதவைத் திறந்துவிட்டமையால், எவ்வளவு நுழைவது என்பதைப் பள்ளிகளின் மனச்சான்றே அளக்க வேண்டியுள்ளது.

ஆயின் யாம் வேண்டுவது யாது? குருகிராம் வழக்கில் முதலிற் பேருந்து நடத்துநர் ஒருவர் கைதானார். மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்குப் பின்னர் அவர் விடுவிக்கப்பட்டார். அவ்விசாரணையிற் பள்ளியின் காமிராப் பதிவும் ஆராயப்பட்டது. ஆதலின் காமிராவே வேண்டா என்று யாம் கூறோம். வாயிலில், நடைவழியில், படிக்கட்டில், ஆளரவமற்ற மூலைகளில் அவை இருக்கட்டும். வகுப்பறைக்குள் வேண்டா. வைத்தே தீர வேண்டுமென விதி கட்டாயப்படுத்தும் இடத்தில், பதிவை முறையீடு எழுந்தபோது மட்டும், தலைமையாசிரியர், ஆசிரியர் ஒருவர், பெற்றோர் ஒருவர் ஆகிய மூவர் ஒருங்கிருந்தே பார்த்தல் வேண்டும். கைபேசிக்கு அதனை அனுப்புதல் கூடாது. ஆசிரியர் திறனை அளக்கவோ, மாணாக்கர் முகத்தை ஆராயவோ அதனைக் கையாளலாகாது. இவை அனைத்தினும் மேலாக, ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகள் அஞ்சாது சென்று சொல்லத்தக்க ஒருவர், அப்பள்ளியின் சம்பளம் பெறாத ஒருவர், வாரம் ஒருமுறையேனும் வந்து அமர்தல் வேண்டும். குழந்தைகட்கான 1098 என்னும் தொலைபேசி எண் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் காமிராவுக்குரிய அம்மூலையில் எழுதப்படின், அதுவே பெருங்காவல்.

எம்முள் சிலர் சொல்வர்: 'இறைவன் யாவற்றையும் காண்கின்றான் என்று ஞாயிறு பள்ளியிற் கற்றவர் நீவிர், காமிராவுக்கு மட்டும் ஏன் கூசுகின்றீர்?' என்று. அக்கண் உள்ளத்தையும் கண்டு, பிழையைப் பொறுத்து, பெயர் சொல்லி அழைப்பது எனக் கற்றோம். புறத்தை மட்டும் கண்டு, எதனையும் பொறுக்காது, எவர்க்கும் காட்டிக்கொடுக்கும் கண்ணை அதனோடு ஒப்பிடுதல் தகாது.

சொற்போர் முடிந்த மறுவாரம், ஏழாம் வகுப்பில் அடிபட்ட அத்தோழனைத் தேடிச் சென்றோம். அவன் இப்போது ஒரு கடையிற் கணக்கெழுதுகின்றான். அன்று எழுந்து சொல்லாமைக்கு மன்னிப்பு வேண்டியபின், காமிராவைப் பற்றி அவன் கருத்தையும் கேட்டோம். சிறிது நேரம் எண்ணி, "காமிரா இருந்திருந்தால் நல்லதுதான். ஆனால் நீ ஒருவன் எழுந்திருந்தால் எனக்கு அதுவே போதும்" என்றான்.

நண்பர் கேட்ட வினாவுக்கு எம் விடை இதுவே. எம்மிற் பலர் நாளை ஆசிரியராகப் போகின்றோம். எம் வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேரின், எழுந்து சொல்லும் துணிவை நாற்பதின்மருள் ஒருவர்க்கேனும் ஊட்டியிருத்தல் எம் கடன். அக்கடனைச் சுவரிலுள்ள பொறி எமக்காகச் செலுத்தாது.