பள்ளிக்கூட வாசலில் காத்திருக்கும் எமன்!

சாயங்காலம் மணி 4. பள்ளிக்கூடம் விடுகிறது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள்.

வாசலில் ஆட்டோ, வேன், மோட்டார் சைக்கிள் எல்லாம் நெருக்கி அடித்து நிற்கின்றன. எதிர்ப்பக்கம் ஐஸ் வண்டி. ஒரு சிறுவன் குறுக்கே பாய்கிறான். "கிரீச்" என்று லாரி நிற்கிறது.

பையன் பிழைத்தான். தினமும் லாரி நிற்குமா?

நாளுக்கு 49 உயிர்

2022-ம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அதாவது, நாள் ஒன்றுக்கு 49 உயிர்! அந்த ஆண்டில் 64,105 விபத்துகள் நடந்தன. விபத்துக் கணக்கில் தமிழ்நாட்டுக்கே முதல் இடம்.

உலகத்தில் 5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் சாலை விபத்துதான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உண்மை இது.

ஒரு விநாடி

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஒரு விநாடியில் சுமார் 14 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைப் பார்த்து பிரேக்கை மிதிக்கவே ஓட்டுகிறவருக்கு ஏறக்குறைய ஒரு விநாடி ஆகிறது. 14 மீட்டர் தூரத்தில் குழந்தை குறுக்கே வந்தால் என்ன ஆகும்? பிரேக் பிடிப்பதற்குள் மோதிவிடும்.

அதே கார் 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால்? அந்த 14 மீட்டருக்குள் ஏறக்குறைய நின்றே விடும். உயிருக்கும் சாவுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் வேகம்தான்.

பாடம் மட்டும் போதுமா?

ஜனவரி மாதத்தில் பள்ளிக்கூடங்களில் சாலைப் பாதுகாப்பு ஊர்வலம் நடக்கிறது. ஓவியப் போட்டி நடக்கிறது. பிள்ளைகள் உறுதிமொழி எடுக்கிறார்கள். நல்ல காரியம்தான்.

ஆனால் வீட்டுக்குப் போகும்போது நடப்பது என்ன? ஒரே வண்டியில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். ஒருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை! 4 வயது தாண்டிய பிள்ளைக்கும் ஹெல்மெட் வேண்டும் என்பது சட்டம். 18 வயது ஆகாத பையன் மோட்டார் சைக்கிள் ஓட்டி மாட்டிக்கொண்டால், பெற்றோருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், 25 ஆயிரம் ரூபாய் அபராதம். 2019-ம் ஆண்டுத் திருத்தம் இது.

பிள்ளைக்குச் சொன்ன பாடத்தைப் பெரியவர்கள் மீறினால், பிள்ளை எதைக் கற்கும்?

தாய் தந்தையர் எழுந்தார்கள்

ஹாலந்து நாட்டில் 1971-ம் ஆண்டில் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் மாண்டனர். அதில் 400-க்கு மேல் குழந்தைகள். மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் கொதித்து எழுதினார். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற இயக்கம் பிறந்தது. பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். வீடுகள் உள்ள தெருக்களில் வண்டி மெதுவாகத்தான் போகவேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. இன்று அங்கே ஆண்டுச் சாவு ஆயிரத்துக்கும் குறைவு.

இங்கேயும் விழிப்பு உண்டு. 2012-ம் ஆண்டு தாம்பரம் அருகே, பள்ளிப் பஸ்சின் அடித்தள ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். ஊரே கொதித்தது. ஐகோர்ட்டு தலையிட்டது. பள்ளி வண்டிகளுக்கு அதே ஆண்டில் தனி விதிகள் வந்தன. ஒரு குழந்தை செத்த பிறகுதான் விதி வரவேண்டுமா?

ஊர் செய்யக்கூடியது

பெற்றோரும் ஆசிரியரும் ஒரு நாள் பிள்ளைகளோடு பள்ளிக்கு நடந்து பார்க்கட்டும். எந்த முனையில் வண்டி மறைக்கிறது, எங்கே நடைபாதை இல்லை என்று குறித்துக்கொள்ளட்டும். வேகத்தடை வேண்டும், கோடு வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடலாம். வாசலிலிருந்து சற்றுத் தள்ளி வண்டிகளை நிறுத்தலாம்.

விபத்தைப் பார்த்தால் 108-ஐ அழைக்கலாம். உதவி செய்தவர் மீது வழக்கு வராது; சட்டமே காப்பாற்றுகிறது. முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை தரும் திட்டம் 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கியது.

சிகிச்சை வந்தது நல்லது. அது தேவைப்படாமல் பிள்ளை வீடு வந்து சேருவது அதைவிட நல்லது!