பென்னிக் காசில் எழுந்த மாளிகை

அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியில் சில்லறை சேர்க்காத குடும்பத் தலைவி உண்டா? அந்தச் சில்லறை ஒரு நாள் வளையலாகும். பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளமாகும். ஊருக்கே ஒரு மாளிகையாகுமா? ஆகும் என்று காட்டியவர்கள் பிரிட்டனில், தெற்கு வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள்.

வாரச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பென்னிக் காசுகளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கிராமந்தோறும் அவர்கள் பொது மண்டபங்கள் கட்டினார்கள். நூல் நிலையம், வாசகசாலை, பில்லியர்ட்ஸ் அறை, நாடக மேடை எல்லாம் ஒரே கூரையின் கீழ்! ட்ரெடீகர் ஊரில் சிறு வயதிலேயே சுரங்கத்துக்குள் இறங்கிய அனூரின் பெவன், தொழிலாளர் நூல் நிலையத்தில் படித்தே அறிவை வளர்த்துக்கொண்டார். பின்னால் மந்திரியாகி, 1948-ல் பிரிட்டிஷ் மக்களுக்கு இலவச வைத்தியம் கிடைக்கச் செய்தவர் அவர்தான்.

அந்தப் பென்னிகள் யார் வீட்டுச் செலவில் குறைந்தன? மனைவிமார் கணக்கில்தானே! ஆனாலும் வாசகசாலை நாற்காலிகளில் பெரும்பாலும் ஆண்களே அமர்ந்தார்கள். 1984-85 வேலைநிறுத்தம் வந்ததோ இல்லையோ, இத்தகைய மண்டபங்களில் உணவுப் பொட்டலம் கட்டிக் குடும்பங்களின் பசியாற்றப் பெண்கள்தாம் முன்வந்தார்கள்.

பிறகு சுரங்கங்கள் மூடப்பட்டன. சம்பளம் நின்றது, பென்னியும் நின்றது. பராமரிக்கப் பணமில்லாமல் பல கட்டடங்கள் பாழாயின. ஓக்டேல் கிராமத்தில் 1917-ல் கட்டிய மண்டபத்தைக் கல் கல்லாகப் பிரித்து, கார்டிஃப் நகருக்கு அருகிலுள்ள செயின்ட் ஃபேகன்ஸ் மியூசியத்தில் மறுபடி எழுப்பி, 1995-ல் திறந்தார்கள். பார்க்க அழகுதான். ஆனால் ஓக்டேல் ஊரில் அது இல்லையே!

நியூபிரிட்ஜ் ஊரார் வேறு வழி பார்த்தார்கள். அங்கே 1908-ல் எழுந்த கட்டடத்தோடு, முதல் உலக யுத்தத்தில் மாண்டவர்கள் நினைவாக 1924-ல் கட்டிய மண்டபமும் உண்டு. கீழே நடன அரங்கம். மேலே சினிமாக் கொட்டகை. 2004-ல் பி.பி.சி. டெலிவிஷன் நடத்திய 'எந்தப் பழைய கட்டடத்தைக் காப்பாற்றலாம்?' என்ற போட்டியில் அது இறுதிச் சுற்று வரை வந்தது. பரிசு என்னவோ வேறு ஊருக்குப் போய்விட்டது. ஊரார் சோர்ந்துவிடவில்லை. பணம் திரட்டி, இருந்த இடத்திலேயே அதைப் புதுப்பித்துவிட்டார்கள்.

மியூசியம் கல்லைக் காப்பாற்றும். கலகலப்பை ஊர்தான் காப்பாற்ற வேண்டும். விளக்கேற்ற ஆளில்லாத வீடு எத்தனை நாள் வீடாக இருக்கும், சொல்லுங்கள்?